பிழை பொறுக்காதவர்

அவர் எனக்கு எழுதிய முதல் மின்னஞ்சலில் வணக்கம் இல்லை, என் பெயர் இல்லை. இரண்டே வரிகள். "முயற்சி என்பதே சரி. வல்லின ற் வந்தால் அதை ஒட்டி இன்னொரு ஒற்று வராது."

நான் கோயமுத்தூரிலிருந்து புனேக்கு மென்பொருள் வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். குடித்தனம் கோந்த்வாவில். மகளுக்கு எட்டு மாசம், மூன்று நாளாகக் காய்ச்சல். புனேவில் இருக்கும் தமிழர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுமம் இருந்தது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், பொங்கலுக்கு ரயிலில் இடம் கிடைக்குமா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். "கோந்த்வா பக்கம் நல்ல குழந்தை மருத்துவரைக் கண்டுபிடிக்க முயற்ச்சி செய்கிறேன், யாராவது உதவுங்கள்" என்று நானும் கேட்டிருந்தேன். வந்த முதல் பதில் அவருடையது. அதில் மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போதே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். ஆனால் முதலில் எனக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். பன்னிரண்டு வருஷம் தமிழ் படித்திருக்கிறோம், இதுகூடத் தெரியவில்லையே என்று. அவருடைய பலமே அதுதான். அடி வாங்கியவன் அடித்தவரைத் திட்டாமல் தன்னைத்தானே திட்டிக்கொள்வான்.

குழுமத்தில் அவரை 'ஒற்று ஐயா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால். க், ச், த், ப் விட்டுப்போன இடமெல்லாம் வந்து நிற்பார். தொண்ணூறுகளின் கடைசியில் குழுமம் ஆரம்பித்தபோது கணினியில் தமிழ் எழுத்து வராது, எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதினார்களாம். அதிலும் அவர் விடவில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ழகரத்துக்கு இசட்-எச் போடாமல் வெறும் எல் போட்டவருக்கு, "நீங்கள் தின்றது பழமா, பலமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். வாழைப்பழம் தின்றதைச் சொல்ல வந்தவர் அதற்குப் பிறகு குழுமத்தில் எதையும் தின்னவில்லை.

நேரில் பார்த்தால் சாதாரண மனிதர். குள்ளம். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. நாம் பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். நாக்கு சரியாக மடிகிறதா என்று கவனிக்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. புரிந்த பிறகு அவர் எதிரில் 'வாழ்க்கை', 'மழை', 'கிழமை' போன்ற வார்த்தைகளைத் தவிர்த்துப் பேசப் பழகிக்கொண்டேன்.

பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். அடுத்தவன் கடைந்து கொடுத்த இரும்புத் துண்டை அளந்து பார்த்து, மயிரிழை கூடக் குறைய இருந்தால் சிவப்புச் சாயத்தால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாக எறிவது வேலை. முப்பது வருஷம் பிறர் குறையைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவர் விருப்ப ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். மகன் ஒரு கணினியும் இணைய இணைப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனான். அவ்வளவுதான், நாங்கள் எல்லோரும் இரும்புத் துண்டுகள் ஆனோம்.

ஒரு முறை பொங்கல் விழாவுக்குப் பதாகை அடிக்கக் கொடுத்திருந்தோம். அடித்த கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. 'அனைவரையும்' என்பதில் 'வ'வும் 'ரை'யும் இடம் மாறி 'அனைரைவயும்' என்று வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார். இவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறி, பேசுகிறவரின் தலைக்கு மேலே நின்று, மார்க்கர் பேனாவால் திருத்த ஆரம்பித்துவிட்டார். சபை சிரித்தது. தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அந்த விருந்தினர் இன்னும் இரண்டு துணுக்குகள் சொன்னார்.

கெட்ட மனிதர் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. யாருக்கோ அறுவைச் சிகிச்சை, ரத்தம் வேண்டும் என்று நோயாளியின் தம்பி குழுமத்தில் 'அவசறம்' என்று எழுதினார். ஐந்து நிமிஷத்தில் இவருடைய பதில்: "அவசரம். இடையின ர." படித்தவர்கள் கொதித்துப்போனோம். ஆனால் அன்று மதியம் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தவரும் இவர்தான். அந்தத் தம்பி எனக்குத் தெரிந்தவர்.

"கையப் புடிச்சு நன்றி சொன்னேன் சார்" என்றார் அவர். "'அதெல்லாம் இருக்கட்டும், மெயில் பார்த்தீங்களா? அவசரத்துக்கு எந்த ர?'ன்னு கேட்டார். ரத்தத்தக் குடுத்துட்டு, பஞ்சக் கையில அமுக்கிப் புடிச்சிக்கிட்டே கேக்கறார்."

இன்னொருவன், சென்னைப் பையன், என் அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாசம் ஆனவன், ஒரு கவிதை எழுதிப் போட்டான். புனே மழையும் ஊரில் இருக்கும் ஒரு பெண்ணும். இவர் பத்தொன்பது பிழைகளை எண் போட்டு அனுப்பினார். பையன் பணிவாகக் கேட்டான்: "மிக்க நன்றி ஐயா. கவிதை எப்படி இருந்தது?" அதற்கு இவர், "அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லையே" என்று பதில் போட்டார். பையன் மறுபடி தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அவருடைய இந்தியைக் கேட்க வேண்டுமே! முப்பது வருஷம் அந்த ஊரில் இருந்தும் ஆண்பால் பெண்பால் வராது. ஒரு நாள் ஸ்வார்கேட்டில் ஆட்டோ பிடிக்கும்போது நானும் உடன் இருந்தேன். வீட்டுக்காரி காத்திருக்கிறாள், சீக்கிரம் போ என்பதற்கு, 'மேரா பீவி' என்று மனைவியை ஆண்பாலில் சொன்னார். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டு, "மேரி, காகா, மேரி பீவி" என்று திருத்தினார்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சமஜ் மே ஆயா நா? ஃபிர் சலோ" என்றார். என் பக்கம் திரும்பி, "புரிஞ்சுதுல்ல அவனுக்கு? அப்புறம் என்ன பேச்சு?" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். தான் சொன்னது தன் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

அவர் மனைவி நல்ல மாதிரி. அக்கம்பக்கத்துப் பெண்களோடு மராத்தியைத் தப்பும் தவறுமாகப் போட்டு உடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருப்பார். அவர்கள் வீட்டுக்கு நான் ஒருமுறை போனபோது காப்பி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்க அண்ணன் பொண்ணு கல்யாணப் பத்திரிகை வந்துது. இவர் அதுல செவப்பு மையில திருத்தி, கவர்ல போட்டுத் திருப்பி அனுப்பிட்டார். கல்யாணத்துக்கு நாங்க போகல. திருத்தின பத்திரிகைதான் போச்சு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மணமகன்னு போட வேண்டிய இடத்துல ரெண்டு சுழி போட்டு மனமகன்னு போட்டிருந்தான். எப்படிப் போறது?"

இவரோடு எனக்கு எப்படிப் பழக்கம் ஏற்பட்டது என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கும் அந்த நோய் தொற்றியிருந்தது. அவர் சொல்லிக் கொடுத்த விதிகளை வைத்துக்கொண்டு நானும் ஒன்றிரண்டு பேரைத் திருத்தியிருக்கிறேன். என் தங்கை ஊரிலிருந்து அனுப்பிய மின்னஞ்சலில் 'அப்பாவுக்கு உடம்பு பரவாயில்லை' என்பதற்கு 'பறவாயில்லை' என்று இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அவள் ஒரு மாசம் பேசவில்லை. சரியாக இருப்பதில் ஒரு ருசி இருக்கிறது. நாக்கில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

ஸ்டெல்லா டீச்சரைக் குழுமத்தில் சேர்த்துவிட்டவன் நான்தான். என் மகளுக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். புனேவின் பழைய ராணுவக் குடியிருப்பான கேம்பிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா ராணுவத்தில் எழுத்தராக இருந்து, புனேவுக்கு மாற்றலாகி, இங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஆனால் பள்ளியில் தமிழ் படித்ததில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்த்திவைத்து ஜெபப் புத்தகத்தை வைத்துக் கற்றுக் கொடுத்த எழுத்துதான் அவருடைய தமிழ். "எனக்குப் படிக்க வரும் சார், லிக்னாதான் கொஞ்சம் கச்சா" என்பார், எழுதுவதுதான் அரைகுறை என்பதை. எழுதிப் பழகுங்கள், நம் ஆட்கள்தானே என்று நான்தான் சொன்னேன்.

இரண்டு மாசம் எல்லோரும் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு ஒரு நாள் எழுதினார். ஐந்து வரிகள். அப்பா போய் அன்றோடு மூன்று வருஷம் ஆகிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம், எல்லோரும் அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று. கூடவே ஒரு படம். கறுப்புக் கல். மேலே ஆங்கிலத்தில் பெயரும் தேதிகளும். கீழே தமிழில், வெள்ளை நிரப்பிய எழுத்தில் இரண்டு வரி:

இங்கே இளைப்பாருகிறேன்.
கூப்பிட்டால் வருவேன்.

எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, மறுபடி ஒரு முறை படித்தேன். ராணுவத்தில் இருந்தவர் கடவுளுக்கே ஆஜர் சொல்கிற மாதிரி இருந்தது. ஆழ்ந்த அனுதாபம் என்று நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே ஒற்று ஐயாவின் பதில் வந்துவிட்டது.

எட்டுப் பிழைகள், எண் போட்டு. 'கல்லரை அல்ல, கல்லறை' என்பது முதலாவது. எட்டாவது இப்படி: "படத்தில் உள்ள கல்லிலும் பிழை. இளைப்பாறுகிறேன் என்று வல்லின று வர வேண்டும். கல்லில் வெட்டுவதற்கு முன் தெரிந்தவர்களைக் கேட்டிருக்கலாம்."

அதற்குக் கீழே நான்கு பேர் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல இரண்டு பேர் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சு றகரத்தின் வரலாற்றுக்குப் போய்விட்டது. இறந்துபோன மனிதரை ஒருவரும் நினைக்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் மறுநாள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். எல்லோருக்கும் நன்றி, இனிமேல் எழுதி யாருக்கும் சிரமம் தரமாட்டேன் என்று. குழுமத்திலிருந்து விலகிவிட்டார்.

நான் ஒற்று ஐயாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கோபமாகவே பேசினேன். "அப்பா செத்த நாளைக்கு எழுதினது சார் அது."

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? எட்டுல எது தப்பு?"

"எதுவும் தப்பு இல்ல."

"அப்புறம்?"

ஃபோனை வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். "அந்தக் கல்லறைத் தோட்டம் உங்களுக்குத் தெரியுமா? ஒரு தடவை போய்ப் பார்க்கணும்."

மனசு உறுத்தியிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். கேம்பில் பஸ் நிறுத்தத்தில் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். வழியில் நான் ஒரு முழம் சாமந்தி வாங்கினேன். அவர் மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார், எதுவும் வாங்கவில்லை.

கல் முன்னால் போய் நின்றதும் நான் பூவை வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் அவர் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து சின்ன உளி, சுத்தி, கூரான எழுத்தாணி, கறுப்புச் சாயம் கலந்த பசை, வெள்ளைச் சாயம், தூரிகை எல்லாம் செய்தித்தாளின்மேல் வரிசையாக இருந்தன.

"சார், என்ன பண்றீங்க? அவங்க வீட்டுல கேட்டீங்களா?"

"பிழையைத் திருத்த யாரைக் கேக்கணும்?" என்றார். கல்லைத் தடவிப் பார்த்தார். "வெட்டினவனுக்குத் தமிழ் தெரியாது. பாருங்க, எழுத்து எல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

நான் தடுத்திருக்கலாம். உளியைப் பிடுங்கியிருக்கலாம். குறைந்தது ஸ்டெல்லா டீச்சரைக் கூப்பிட்டாவது சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. 'பிழைதானே, சரியானால் அவர்களுக்கும் நல்லதுதானே' என்று எனக்குள் ஒருவன் சொன்னான். காவல்காரர் வந்து யார் என்று கேட்டதற்கு இவர், "மேரி பாயி" என்றார். அண்ணன் தம்பியைப் பெண்பாலில் சொல்கிற ஆளைப் பார்த்து அவர் சிரித்துவிட்டு, குடும்பத்தார்தான் என்று நம்பிப் போய்விட்டார்.

ரு இருந்த பள்ளத்தில் பசையை நிரப்பினார். அது கெட்டிப்பட ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் மற்றக் கல்லறைகளைச் சுற்றி வந்தார். திரும்பி வந்து, "மூணாவது வரிசையில இன்னும் ரெண்டு இருக்கு" என்றார். பிறகு உட்கார்ந்து று வெட்டினார். நேரான, அழகான று. அச்சில் வார்த்த மாதிரி. வெள்ளை பூசி, பிசிறைத் துடைத்து, ஒரு முறை உரக்கப் படித்தார்: "இங்கே இளைப்பாறுகிறேன்."

அவர் முழுசாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "இனிமே நிம்மதியா இருப்பார்" என்றார்.

எட்டு நாள் கழித்து ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. "சார், கப்ரஸ்தான்ல யாரோ டாடி கல்லைக் கராப் பண்ணிட்டாங்க. ஒரு எழுத்தை நோண்டி எடுத்துட்டு வேற போட்டிருக்காங்க. காலையில சர்ச்சுல பூசை முடிஞ்சு போனோம். மம்மி பாத்துட்டு அங்கேயே உக்காந்துட்டாங்க. வீட்டுக்கு வந்தும் சாப்பிடல."

ஃபோனில் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நேரில் வருகிறேன் என்றேன். ஒற்று ஐயாவையும் வரச் சொன்னேன். தயங்காமல் வந்தார். நன்றி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. சட்டை புதுசு.

கேம்பின் பழைய சந்து ஒன்றில், மரப்படி ஏறிப் போகும் வீடு. ஸ்டெல்லா டீச்சரின் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். நரைத்த கொண்டை, வெள்ளைச் சேலை, திருத்தமான முகம். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். நானும் கூட இருந்தேன் என்பதையும் சொன்னேன். ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அம்மா அவரைப் பார்த்துக் கேட்டார். "எதுக்குய்யா செஞ்சிய?"

"பிழை இருந்துதும்மா. இளைப்பாறுதலுக்கு வல்லின று. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அதனாலதான்…"

"எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால பாளையங்கோட்டைப் பக்கம் அஞ்சு வருசம் டீச்சரா இருந்தேன். தமிழ்தான் எடுத்தேன். ஒங்கள மாதிரி செவப்புப் பேனா வச்சிருந்தவதான் நானும்."

அவர் முகத்தில் முதல் முறையாகக் குழப்பம் தெரிந்தது. "தெரிஞ்சுமா விட்டீங்க?"

"தெரிஞ்சுதான் விட்டேன். அது கல்லு வெட்டுனவன் தப்பு இல்லய்யா. அவுக தப்பு. ஆஸ்பத்திரியில கெடக்கும்போது ஒரு தாளக் கேட்டு வாங்கி, தன் கையால எழுதிக் குடுத்தாக, இதத்தான் போடணும்னு. அந்தத் தாளக் கல்லுமேல ஒட்டி, அப்படியே அச்சு எடுத்து வெட்டச் சொன்னேன். அந்தச் சாஞ்ச எழுத்து அவுக எழுத்து."

கீழே தெருவில் ஒரு பஸ் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்த ஒரு எழுத்து அவுகளுக்கு வரவே வராது" என்றார் அம்மா. "கல்யாணம் ஆன புதுசுல எல்லையில இருந்து காயிதம் போடுவாக. 'நான் இங்கே ஆருதலாக இருக்கிறேன், நீயும் ஆருதலாக இரு'ன்னு. சோறுக்கும் அதே ருதான், ஊறுகாய்க்கும் அதே ருதான். நாப்பது வருசம் வாசிச்சேன். ஒரு கோடு போட்டதில்ல. ஒரு தரம் சொல்லியிருந்தா மாத்திக்கிட்டிருப்பாக. ஆனா பொறவு எழுதும்போதெல்லாம் பயந்து பயந்து எழுதுவாக. எனக்குக் காயிதம் வேணுமா, றகரம் வேணுமா?"

அவர் வாயைத் திறந்தார். "இருந்தாலும்மா, கல்லுல ஏறினது நாளைக்கு நாலு பேர் படிப்பாங்க, அவங்களும் அதே மாதிரி…"

"மாத்திக் குடுங்க" என்றார் அம்மா. "எப்படி இருந்துதோ அப்படி."

அவர் எழுந்து, கையைக் கூப்பினார். "என்னை மன்னிச்சிருங்க. கேட்காமச் செஞ்சது தப்பு. ஆனா தெரிஞ்சே ஒரு பிழையை என் கையால போட எனக்கு வராதும்மா."

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். நான் செய்து தருகிறேன் என்றேன். அம்மா கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு தகரப் பெட்டியைக் காட்டி, காயிதமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒற்று ஐயாவிடம் அந்தச் சாமான்களைக் கடன் கேட்டேன். கொடுத்துவிட்டு, கூடவே வந்தார். ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவர் வெட்டிய றுவில் பசை பூசி, காயவைத்து, வெட்ட உட்கார்ந்தபோது அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், ஊசி போடுவதைப் பார்க்கப் பயப்படும் குழந்தை மாதிரி. எனக்கு உளி பிடித்துப் பழக்கமில்லை. இரண்டு தடவை வழுக்கியது. எப்படியோ ஒரு ரு வந்தது. அந்த இடத்தில் கல் மேடிட்டு, நிறம் மங்கி, ஒட்டுப்போட்ட மாதிரி தெரிந்தது.

"ஆச்சா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ஆச்சு சார்."

திரும்பினார். கல்லைப் பார்க்காமல் சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். திங்கட்கிழமை குழுமத்தில் யாரோ வீடு மாற்றுவதற்கு வண்டி கேட்டிருந்தார்கள். அதில் அவர் மூன்று பிழைகளைத் திருத்தியிருந்தார்.

மறு ஞாயிறு பூசை முடிந்து அம்மாவும் ஸ்டெல்லா டீச்சரும் வந்தார்கள். நானும் போயிருந்தேன். ஸ்டெல்லா டீச்சர் என்னிடம் பேசவில்லை. அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். முதல் எழுத்திலிருந்து ஆள்காட்டி விரலைப் பள்ளத்தின் வழியே ஓட்டிக்கொண்டு வந்தார். இ, ங், கே. அந்த ருவில் வந்து விரல் நின்றது. மேலும் கீழுமாக இரண்டு தடவை தடவினார்.

"ரு சரியாத்தான் இருக்கு" என்றார். "அவுக எழுத்துதான் இல்ல."

என்மேல் கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார். விரல் அந்த எழுத்தைத் தாண்டிப் போகவே இல்லை. மெழுகுவத்தியை ஸ்டெல்லா டீச்சர்தான் ஏற்றினார்.

அன்று மாலை ஒற்று ஐயாவைக் கூப்பிட்டு அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். சுருக்கென்று குத்தட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் எனக்குப் பழக்கமில்லாத ஒரு தணிந்த குரலில் கேட்டார். "அந்தப் பழைய கடிதங்களை வச்சிருப்பாங்கல்ல? ஒண்ணு ரெண்டு வாங்கிட்டு வாங்களேன். அவர் ரு எப்படிப் போடுவார்னு பார்த்துட்டா, அதே மாதிரி… நானே போட்டுக் குடுத்துடறேன்."

மனசார்த்தான் கேட்டார். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தே, அவர்கள் எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். நாற்பது வருஷத்துக் கடிதங்களும் அந்தக் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் இருந்தன. அதில் ஒன்றுகூட அந்த மனிதரின் கண்ணில் பட நான் விடுவதாக இல்லை.